ஊட்டி உறைபனியில் போன்சாய் பிழைக்குமா? தேயிலைத் தோட்டம் சொல்லித் தரும் பாடம்!

நீலகிரியின் மிகப் பெரிய போன்சாய் தோட்டம் எது தெரியுமா? குன்னூர் சாலையின் இரண்டு பக்கமும் தெரிகிற தேயிலைத் தோட்டம்தான். தேயிலையை வெட்டாமல் விட்டால் அது மரமாகவே ஓங்கி வளர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, நடுவில் கொழுந்து பறித்துக்கொண்டே இருப்பதால்தான் அது இடுப்பளவு உயரத்திலேயே நிற்கிறது. தண்டு மட்டும் வருடா வருடம் தடித்துக்கொண்டே போகும்.

போன்சாயிலும் நடப்பது இதேதான். அதற்கென்று தனி விதையோ, குட்டை ரகமோ கிடையாது. சாதாரண மரத்தையே கிளை வெட்டி, வேர் வெட்டி, கம்பி சுற்றி வளைத்துச் சிறிதாக வைத்திருக்கிறார்கள். 'தட்டில் நட்டது' என்பதுதான் அந்த ஜப்பானியச் சொல்லுக்குப் பொருள். மலையில் போன்சாய் வளர்ப்பவர்களுக்குப் பிரச்னை வருவதும் அந்தத் தட்டால்தான்.

குளிர் ஊர் மரத்தைக்கூட பனி கொல்லுமா?

கொல்லும். சைப்ரஸ் மரம் ஊட்டி மண்ணில் எந்தக் கவலையும் இல்லாமல் நிற்கும். அதே சைப்ரஸை மூன்று அங்குல ஆழத் தொட்டியில் வைத்தால் கதை வேறு. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை இரவு முழுக்க மெதுவாக விடுவதால், நிலத்தில் இருக்கும் வேருக்கு ஒரு போர்வை கிடைக்கிறது. தொட்டியில் இருப்பதோ ஒரு கைப்பிடி மண். நான்கு பக்கமும் காற்று பட்டு அது சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

நீலகிரியில் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று பனிக்காலம் இறங்கிவரும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடுவதால், விடியலுக்குச் சற்று முன்புதான் குளிர் உச்சத்தில் இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்கள் முதலில் வெள்ளையாவது இதனால்தான். உங்கள் வீட்டிலும் மேட்டில் இருக்கும் தொட்டி தப்பிக்க, பள்ளத்தில் இருப்பது கருகலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ குளிர்காலம் வந்தால் மரம் மாதக்கணக்கில் தூங்கிவிடும். இங்கே ராத்திரி உறைபனி, காலை பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். உறைந்த மண்ணிலிருந்து வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. இலையோ வெயிலில் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் தண்ணீர் இருந்தும் மரம் தாகத்தால் வாடுகிறது.

எந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

சமவெளியில் எல்லோரும் ஆலமரத்தில்தான் தொடங்குவார்கள். மைசூரு, கோவையில் நன்றாக வரும் ஆல், அத்தி வகைகள் ஊட்டி உறைபனியைத் தாங்காது. சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கு சைப்ரஸ், ஜூனிபர், கமேலியா, அசேலியா போன்றவை பொருத்தம். பேரி, பிளம்ஸ், பீச் மரங்களுக்குக் குளிர்கால ஓய்வே தேவை என்பதால் அவையும் நல்ல தேர்வு. அதைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வான குன்னூரில் குளிர் கொஞ்சம் குறைவு, தேர்வும் அதிகம்.

தேயிலையையும் போன்சாய் ஆக்கலாம். இலை சிறிதாக இருக்கும் சீன ரகம் இதற்கு ஏற்றது. பனியில் தேயிலையின் இலை கருகினாலும் தண்டு பிழைத்திருந்தால் மறுபடியும் துளிர்க்கும். பழைய செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்யும் தோட்டங்களில் அனுமதி கேட்டு ஒரு தூர் வாங்கினால், பல பத்தாண்டு வயதான தண்டு கையில் கிடைக்கும்.

சோலைக்காட்டில் காற்றுக்கு வளைந்து நிற்கும் குட்டை மரங்களைப் பார்த்தால் ஆசை வரும். கை வைக்காதீர்கள். காப்புக்காட்டிலிருந்து செடி பிடுங்குவது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி குற்றம். முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்கா என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சோலை மரங்கள் ரொம்ப மெதுவாக வளர்பவை. பிடுங்கிய இடத்தில் இன்னொன்று வர ஒரு தலைமுறை ஆகிவிடும்.

பனிக்காலத்தில் என்ன செய்யணும்?

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் பனி தொடங்கியதும் மலர்ச்செடிகளை 'கோத்தகிரி மிலார்' செடிகளால் மூடுவார்கள். புல்வெளிக்கு அதிகாலையில் தண்ணீர் தெளிப்பார்கள். போன்சாய்க்கும் அந்த வழியே போதும்:

* மாலையில் சாக்கு, நிழல்வலை அல்லது தழையால் மூடுங்கள். காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது இலையைத் தொடும் இடத்தில் கருகும்.
* தொட்டியை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். சுற்றிலும் காய்ந்த இலை, மரத்தூள் போட்டு வேரை மூடுங்கள்.
* கிழக்கு வெயில் நேராக விழும் இடத்தைத் தவிருங்கள். உறைந்த இலை மெதுவாக இளகினால்தான் நல்லது.
* மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நண்பகலுக்குள் ஊற்றிவிடுங்கள். காய்ந்த மண்ணைவிட ஈரமண் வெப்பத்தை அதிகம் பிடித்து வைக்கும்.
* அக்டோபருக்குப் பிறகு தழைச்சத்து உரம் வேண்டாம். இளந்துளிர்தான் பனிக்கு முதல் பலி.
* குளிருகிறதே என்று வீட்டுக்குள், அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தூங்கும் மரத்தை அது எழுப்பிவிடும்.

தொட்டி மாற்றுவதும் வேரைக் குறைப்பதும் பனி முடிந்து மொட்டு விடும் முன், அதாவது பிப்ரவரி கடைசி, மார்ச்சில். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரை வெட்ட வேண்டாம்.

மழையையும் மறக்காதீர்கள்!

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். மேற்கே தென்மேற்குப் பருவமழை என்றால், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே நிரப்பாமல், செங்கல் தூளைச் சலித்து எடுத்த சிறு துண்டுகள், பருமணல், மக்கிய இலை மூன்றையும் கலந்து பயன்படுத்தலாம். தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம். அடைமழை நாட்களில் தொட்டியை ஒரு பக்கம் சாய்த்து வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெடணுமா?

வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. அது போன்சாயாக வளரத் தொடங்கிய ஆண்டு 1625. ஹிரோஷிமாவில் 1945-ல் அணுகுண்டு விழுந்தபோதும் தப்பித்தது. 1976-ல் அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தவர் மசாரு யமாகி. ஒருவர் தண்ணீர் ஊற்றிய மரத்துக்கு அடுத்த தலைமுறையும் ஊற்றியதால்தான் அது இத்தனை வருடம் நின்றிருக்கிறது.

ஆனால், பத்து வருடம் வளர்த்த மரத்தை இழக்க ஒரு ஜனவரி ராத்திரி போதும். அதனால் விலை உயர்ந்த போன்சாயை வாங்கி ஆரம்பிக்காதீர்கள். நர்சரியில் ஒரு சாதாரண சைப்ரஸ் நாற்று வாங்கி, முதல் பனிக்காலத்தை அதோடு கடந்து பாருங்கள். மார்ச்சில் அது துளிர்த்தால், கத்தரிக்கோலை அப்போது எடுக்கலாம்.