கட்டடத்துக்கும் வயதாகிறது

1970களிலும் 80களிலும் மும்பைக்கு வந்து, கடன் வாங்கி, நகையை விற்று நம்மவர்கள் வாங்கிய ஃப்ளாட்டுகளுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று எங்கிருந்து வரும் அன்பர்களும் சங்க நிகழ்ச்சிகளில் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சார், பெரிய ரிப்பேர் என்று சொசைட்டியில் ஃப்ளாட்டுக்கு இரண்டு லட்சம் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?"

ரயில்வேயில் பாலங்களையும் குடியிருப்புகளையும் பராமரித்தே ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் சொசைட்டி கமிட்டியிலும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது?

கான்கிரீட்டுக்கு இயல்பாகவே காரத்தன்மை உண்டு. அது இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தன்மையைக் குறைக்கிறது. கடலோர ஊரென்பதால் உப்பும் சேர்கிறது. மொட்டை மாடியிலும் குளியலறையிலும் கசியும் தண்ணீர் மீதி வேலையை முடித்துவிடுகிறது.

துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அந்த நெருக்கலில் கான்கிரீட் வெடிக்கிறது. விரிசல் வழியாக இன்னும் தண்ணீர் போகிறது, துரு இன்னும் வேகமாகிறது. அதனால் இந்த நோய் ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் வளர்வதில்லை. முதல் இருபது ஆண்டுகளில் தெரியாதது அடுத்த ஐந்து ஆண்டுகளில் தெரியும். தூணில் கம்பியின் போக்கிலேயே நேர்க்கோடாக விரிசல் கண்டால், மேலே பூசி வர்ணம் அடிப்பதில் பயனில்லை. காய்ச்சலுக்குப் பவுடர் போட்டது போல் ஆகும்.

ஆடிட் எதற்கு?

மகாராஷ்டிர சொசைட்டிகளின் மாதிரித் துணைவிதிகள்படி, 15 முதல் 30 ஆண்டு வயதுள்ள கட்டடத்துக்கு 5 ஆண்டுக்கு ஒரு முறையும், 30 ஆண்டு கடந்ததற்கு 3 ஆண்டுக்கு ஒரு முறையும் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்ய வேண்டும். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353 பி பிரிவும் 30 ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு இதை வலியுறுத்துகிறது. ரயில்வேயில் மழைக்காலம் முடிந்ததும் பாலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். ஓடும் வண்டிக்கு உள்ள அந்த அக்கறை, உறங்கும் வீட்டுக்கும் வேண்டும்.

ஆடிட் என்றால் பொறியாளர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதல்ல. மீயொலி அலையைக் கான்கிரீட்டுக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். அலை வினாடிக்கு 3 கிலோமீட்டருக்குக் குறைவாகப் போனால் அந்தக் கான்கிரீட் சந்தேகத்துக்குரியது. உடைத்த இடத்தில் பினால்ப்தலீன் தடவினால், காரத்தன்மை உள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதி கம்பிவரை போயிருந்தால் பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். அறிக்கையில் இந்தச் சோதனைகளும், எந்தத் தூண், எந்த உத்தரம் என்ற வரைபடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முடிவு சி-1 என்றால் காலி செய்து இடிக்க வேண்டியது. சி-2 ஏ என்றால் காலி செய்து பெரிய ரிப்பேர். சி-2 பி என்றால் காலி செய்யாமலே பெரிய ரிப்பேர். சி-3 என்றால் சிறு ரிப்பேர். சி-2 பி-யில் நிற்கும் சொசைட்டி பணம் கொடுக்கத் தயங்கி நிற்பது, மேலே உள்ள வகைக்குத் தானே நடந்து போவதுதான்.

சேர்த்த பணம் எங்கே?

"இத்தனை வருடம் சிங்கிங் ஃபண்ட் கட்டினோமே" என்று பலர் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். சிங்கிங் ஃபண்ட் குறைந்தபட்ச விகிதம், நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 0.25 சதவீதம். அன்று ஒரு ஃப்ளாட்டின் கட்டுமானச் செலவு 1 லட்சம் என்றால் ஆண்டுக்கு 250 ரூபாய். 40 ஃப்ளாட்டுக்கு 10,000 ரூபாய். இதை 40 ஆண்டு, 8 சதவீதக் கூட்டு வட்டியில், ஒரு பைசா எடுக்காமல் வைத்திருந்தாலும் சுமார் 26 லட்சம்தான். ரிப்பேர் 1 கோடி என்றால் மீதி 74 லட்சம், ஃப்ளாட்டுக்கு 1 லட்சத்து 85 ஆயிரம். யாரும் பணத்தைத் தின்றுவிடவில்லை. வசூலித்தது அன்றைய விலையில், செலவு இன்றைய விலையில். அவ்வளவுதான்.

பெரிய ரிப்பேர் நிதியைப் பொதுக்குழு தீர்மானித்து, பரப்பளவு அடிப்படையில் வசூலிக்க வேண்டும். மொட்டை மாடியில் மழைநீர் ஒழுகினால் அது சொசைட்டியின் செலவு. மேல்மாடிக்காரர் தலையில் கட்ட முடியாது. தரைத்தளத்துக்காரர் "எனக்கென்ன" என்று விலகவும் முடியாது. மாடிகளின் பாரமெல்லாம் இறங்குவது அவர் வீட்டுத் தூணில்தானே! ஃப்ளாட்டுக்குள் குளியலறைக் கசிவை மட்டும் அவரவர் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஓர் அம்மாளின் கேள்வி

எங்கள் பொதுக்குழுவில் குடும்ப பென்ஷனில் வாழும் 76 வயது அம்மாள் ஒருவர் எழுந்து, "என் காலம்வரைக்கும் இது நிற்காதா?" என்று கேட்டார். யாருக்கும் பேச்சு வரவில்லை. அவரைப் போன்றவர்களை எண்ணித்தான், மொத்தமாகக் கேட்காமல் 24 மாதத் தவணை என்றும், மூன்று வீடுகளுக்கு மட்டும் வட்டியில்லாமல் 36 மாதம் என்றும் முடிவு செய்தோம். வாடகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே வாங்கினோம். பணம் இல்லாதவரையும் பணம் கொடுக்க மனமில்லாதவரையும் கமிட்டி ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

தள்ளிப்போடுவதன் விலைக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். மயாமி அருகே சர்ஃப்சைடில் 1981-இல் கட்டிய 12 மாடிக் கட்டடம் ஒன்று. கான்கிரீட் சேதத்தையும் தண்ணீர்த் தடுப்புக் குறையையும் 2018-லேயே பொறியாளர் எழுதிக் கொடுத்தார். செலவு பற்றிய வாதங்களில் காலம் போனது. சுமார் 1.5 கோடி டாலர் வசூலுக்கு 2021 ஏப்ரலில் ஒப்புதல் ஆகி, ஜூலை 1 முதல் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஜூன் 24 அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். வடிவமைப்புக் குறைகளும் விசாரணையில் வெளிவந்தன; ரிப்பேர் தாமதம் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று ஆண்டுகள் திரும்பி வரப்போவதில்லை.

வேலை கொடுக்கும்போது

ஆடிட் செய்தவரே கான்ட்ராக்டராக இருக்கக் கூடாது. எல்லோரும் ஒரே அளவுப் பட்டியலுக்கு விலை எழுதட்டும். உடைத்துப் பார்க்கும்போதுதான் முழுச் சேதம் தெரியும் என்பதால், மதிப்பீட்டுக்கு மேல் 15 சதவீதமாவது கையில் இருக்கட்டும். பாழ்பட்ட கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்புறம்வரை கொத்தி எடுத்து, துருவை நீக்கி, மெலிந்த கம்பிக்குப் புதுக் கம்பி சேர்த்த பிறகே பூச்சு. மூடுவதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் அளந்து, புகைப்படம் எடுத்து, அளவுப் புத்தகத்தில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். பில்லில் 5 முதல் 10 சதவீதத்தை உத்தரவாதக் காலம் முடியும்வரை பிடித்து வையுங்கள். தூண்களுக்கு முட்டுக் கொடுக்காமல் கொத்த விடாதீர்கள்.

"ரீடெவலப்மென்ட் வரப்போகிறது, இப்போது எதற்குச் செலவு?" என்பது இன்னொரு வாதம். கட்டடம் உண்மையிலேயே சி-1 என்றாலும், ரிப்பேர் செலவு கட்டடத்தின் பயனுக்கு மிஞ்சினாலும் அது நியாயமே. ஆனால் பில்டருடன் ஒப்பந்தம் பதிவாகி, வங்கி உத்தரவாதம் கைக்கு வரும்வரை அது பேச்சு மட்டுமே. பேச்சை நம்பிப் பல மழைக்காலங்களைக் கடத்திய சொசைட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அதுவரையிலாவது முட்டுக் கொடுப்பதையும் கசிவை நிறுத்துவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த பொதுக்குழு நோட்டீஸ் வந்தால், மெகா சீரியல் நேரமாயிற்றே என்று ஒதுங்காமல் போய் உட்காருங்கள். ஆடிட் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உறுப்பினர் என்ற முறையில் அது உங்கள் உரிமை. படித்துப் பார்த்துப் புரியாத இடம் இருந்தால் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நூலகத்தில் இருப்பேன், சேர்ந்து பார்ப்போம்.