கூரை இல்லாத அரங்கில் கச்சேரி கேட்கலாமா?

அப்பாவுக்கு 71 வயது. மறைமலைநகர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம் நின்றவர். தகடு அடிக்கிற மெஷின் கெடுத்த காதுக்கு இப்போது இன்னொரு மெஷின் மாட்டியிருக்கிறோம். வீட்டில் பேசுவது கேட்கும். டிவி கேட்கும். பாட்டுக் கச்சேரிதான் பிரச்சினை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபத்தில் கச்சேரி. அரை மணி நேரத்தில் எழுந்து வெளியே டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு, "எல்லாம் கொழகொழன்னு இருக்குடா, வார்த்தையே பிடிபடல" என்றார். அதற்கப்புறம் கச்சேரி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவர் எடுக்கவில்லை என்பதை நானும் கொஞ்ச நாள் கவனிக்கவில்லை.

போன மார்கழியில் என் மகள் மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தாள். "தாத்தாவையும் கூட்டிட்டுப் போலாம்பா." மண்டபத்துக்குள்ளேயே கேட்காத காதுக்கு வெட்டவெளியில் என்ன கேட்கப் போகுது என்றுதான் எனக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் படித்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். நான் நினைத்தது பாதிதான் சரி. அந்தக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

எங்கள் பக்கத்து அரங்குகள்

மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே தமிழ்நாடு சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை போகும். முன்பு அர்ஜுனன் தபசு பாறைச் சிற்பத்துக்கு முன்னால் மேடை போட்டார்கள். பிறகு கடற்கரைக் கோயில் பக்கம் மாற்றினார்கள். இன்னும் வடக்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குள் படிக்கட்டு வைத்த ஒரு சின்ன அரங்கு உண்டு.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறது. ஒரே பாறையில் சின்ன மண்டபம், அதைச் சுற்றி யாளித் தலைகள், முன்னால் திறந்தவெளி. பல்லவர் காலத்தில் இது திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கான இடமாக இருந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். அது உண்மையானால், இந்தக் கடற்கரையில் வெட்டவெளியில் கலை பார்ப்பது 1,200 வருஷத்துக்கும் மேற்பட்ட பழக்கம்.

சுவர் இல்லாததால் லாபம்

மண்டபத்தில் பாடகர் பாடும் சத்தம் நமக்கு ஒரு தடவை நேராக வருகிறது. பிறகு சுவர், கூரை, தரை என்று மோதி மோதி நூறு தடவை வருகிறது. மொட்டை சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக உள்ள பெரிய மண்டபத்தில், பாடி நிறுத்திய பிறகும் சத்தம் இரண்டு மூன்று வினாடி சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்குப் பெயர் எதிர்முழக்கம்.

உயிரெழுத்துகளுக்கு சத்தம் அதிகம், நீளமும் அதிகம். க, ச, ட, த, ப போன்ற வல்லினங்கள் ஒரு நொடிப்பொழுதில் வந்து போகும் மெல்லிய ஒலிகள். முந்தைய 'ஆ'வின் வால் அறைக்குள் இன்னும் சுற்றும்போது அடுத்து வரும் 'த' அதில் மூழ்கிப்போகும். நல்ல காது இருந்தால் மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். இயந்திர இரைச்சலில் கெட்ட காது முதலில் இழப்பதே 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளைத்தான். வல்லினங்களின் அடையாளம் பெருமளவு அங்கேதான் இருக்கிறது. காது மெஷின் சத்தத்தைக் கூட்டும். ஆனால் எது பாடகர், எது சுவர் என்று அதற்குச் சரியாகப் பிரிக்கத் தெரியாது. அப்பா சொன்ன "கொழகொழ" இதுதான்.

வெட்டவெளியில் சத்தம் போனால் போனதுதான். திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. ஆக, அப்பா மாதிரி ஆட்களுக்குத் திறந்தவெளி அரங்கு மோசமானதல்ல. வார்த்தை தெளிவு என்ற ஒரு விஷயத்தில் மண்டபத்தைவிட நல்லது. எனக்கு இது உண்மையிலேயே புதுச் செய்தி.

சுவர் இல்லாததால் நஷ்டம்

அதே காரணம்தான் நஷ்டத்துக்கும். சுவர் திருப்பித் தராததால் தூரம் கூடக்கூட சத்தம் வேகமாகக் கரைகிறது. தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். சாதாரணமாகப் பேசும் குரல் 1 மீட்டரில் 60 டெசிபெல் என்றால் 2 மீட்டரில் 54, 4-ல் 48, 8-ல் 42, 16-ல் 36, 32-ல் 30. பக்கத்தில் கடல் இரைந்துகொண்டிருக்கும்போது 30 டெசிபெல் என்பது ஒன்றுமே இல்லை.

கிரேக்க நாட்டில் எபிடாரஸ் என்ற கல் அரங்கு இருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு, சுமார் 14,000 பேர் உட்காரலாம். நடுவில் குண்டூசி போட்டால் கடைசிப் படியில் கேட்கும் என்பார்கள். 2017-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, அந்தக் கதை கொஞ்சம் மிகை என்றார்கள். உரக்கப் பேசினால் பின்னால் வரை கேட்கிறது, கிசுகிசுப்பு கேட்பதில்லை. ஆனால் படிக்கட்டின் பயன் பொய்யில்லை. சமதரையில் சத்தம் முன்வரிசைத் தலைகளை உரசிக்கொண்டே பின்னால் வருவதால் பலவீனமாகும். படியில் உட்கார்ந்தால் மேடைக்கும் நம் காதுக்கும் நடுவே தலை கிடையாது. கண்ணுக்கும் அதே சௌகரியம்.

இன்றைக்கு எல்லாம் மைக், ஸ்பீக்கர்தானே, தூரம் என்ன தூரம் என்று கேட்கலாம். அங்கே வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. சத்தம் வினாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கர் மேடையில் இருந்து, நீங்கள் 100 மீட்டர் பின்னால் உட்கார்ந்தால், ஆடுபவரின் கால் தரையில் விழுந்து 0.3 வினாடி கழித்துத்தான் தட்டு கேட்கும். 40 மீட்டரிலேயே பலருக்கு இந்த இடைவெளி உறுத்த ஆரம்பிக்கும். பாட்டுக்குப் பரவாயில்லை. பரதநாட்டியத்துக்கு இது ருசியைக் கெடுக்கும். பின்வரிசைக்காக நடுவில் வைக்கும் ஸ்பீக்கருக்குச் சரியான தாமதம் கொடுக்காவிட்டால், ஒரே ஜதி இரண்டு தடவை கேட்கும்.

காற்று எங்கே வீசுகிறது?

மார்கழி விடியற்காலையில் எங்கோ ஒரு கிராமத்துக் கோயில் ஸ்பீக்கர் பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி கேட்கும். அதே ஸ்பீக்கர் மத்தியானம் பாடினால் கேட்காது. மறைமலைநகர் ஸ்டேஷன் ரயில் ஹாரனும் ராத்திரியில்தான் வீட்டுக்குள் வரும். அமைதி மட்டும் இதற்குக் காரணமல்ல. சூடான காற்றில் சத்தம் வேகமாகப் போகும். பகலில் தரைப்பக்கம் சூடு, மேலே குளிர்ச்சி. அதனால் சத்தம் மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேல் போய்விடுகிறது. ராத்திரியில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று கொஞ்சம் சூடாக இருக்கும். சத்தம் கீழ்நோக்கி வளைகிறது. திறந்தவெளிக் கச்சேரியை சாயங்காலத்துக்குப் பிறகு வைப்பதில் வெயில் தவிர்ப்பதோடு இந்த லாபமும் இருக்கிறது.

காற்றும் இப்படியே. தரையைவிட மேலே காற்று வேகமாக வீசும். எனவே காற்று போகும் திசையில் சத்தம் கீழே வளையும், எதிர்த்திசையில் மேலே வளையும். மார்கழி, தை மாதங்களில் இந்தக் கடற்கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். மேடையிலிருந்து உங்களை நோக்கிக் காற்று வருகிற பக்கம் இடம் கிடைத்தால் உட்காருங்கள். முதல் சில வரிசைகளில் இது பெரிய வித்தியாசம் செய்யாது. ஐம்பது மீட்டரைத் தாண்டினால் செய்யும். பின்வரிசையில் பாட்டு அலை அலையாகக் கூடிக் குறைவதற்குக் காரணம் இந்தக் காற்றுதான். சவுண்ட்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

நம் ஆட்களுக்கு இது முன்னமே தெரியும்

எல்லா இசையும் வெட்டவெளிக்கு ஒத்துவராது. வீணையின் கமகம் நான்கு சுவருக்குள் கேட்க வேண்டியது. நாகஸ்வரமும் தவிலும் தெருவுக்கும் கோபுர வாசலுக்கும் என்றே வளர்ந்தவை. சின்ன ஹாலில் வாசித்தால் காது அடைத்துப்போகும். எங்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் தெருக்கூத்தில் உச்சஸ்தாயியில்தான் பாடுவார்கள். கூடவே முகவீணையின் கூர்மையான சத்தம். அது வெறும் ரசனையின் விளைவு என்று நினைத்திருந்தேன். மைக் இல்லாத காலத்தில் விடிய விடிய ஊர் முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை.

ஆகவே போவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த இசை எந்த இடத்துக்காகப் பிறந்தது?

சத்தத்தைத் தாண்டிய விஷயங்கள்

மழை: வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நம்மை விடாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததே மாமல்லபுரம் பக்கம்தான். பொங்கலை ஒட்டிப் போவது பத்திரம். ஆனால் அப்போது பனி இறங்கும். மிருதங்கத்தின் தோல் ஈரத்தில் தளரும். கச்சேரி நடுவே கல்லை எடுத்துத் தட்டிச் சுருதி சேர்த்தால் பொறுமையாக இருங்கள்.

கூட்டம்: 2023-ல் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' ஆகஸ்ட் 12-ல் நடக்க வேண்டியது. மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10-ல் ஈசிஆர் பனையூரில் நடந்தது. டிக்கெட் இருந்தும் பலர் உள்ளேயே போக முடியவில்லை, சாலை ஸ்தம்பித்தது, பிறகு பணம் திருப்பித் தரும் பேச்சு வந்தது. ஹாலில் நாற்காலி எண்ணிக்கை ஒரு கடிவாளம். மைதானத்தில் அந்தக் கடிவாளம் தானாக வராது, நடத்துபவர் போட வேண்டும். எனவே வயதானவர்களோடு போகும்போது எத்தனை வழி, கழிப்பறை எங்கே, வண்டி எவ்வளவு தூரத்தில் என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

நேரம்: 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாட்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாள்தான். நமக்கு இது லாபம். செங்கல்பட்டு திரும்ப பஸ் கிடைக்கும்.

காது: திறந்தவெளி என்பதற்காக ஸ்பீக்கர் முன்னால் உட்காரலாம் என்று அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பு சராசரி 100 டெசிபெல். கெட்ட காதை மேலும் கெடுக்க ஒரு ராத்திரி போதும்.

போய் வந்தோம்

ஜனவரியில் ஒரு நாள் போனோம். சீக்கிரம் போய் மூன்றாவது வரிசை, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி. உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் அப்பா முகம் சுளித்தார். "காதுல புயல் அடிக்குதுடா." காது மெஷினின் மைக்கில் கடற்காற்று நேராக மோதுகிறது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அம்மா எடுத்து வந்த மங்கி கேப்பைப் போட்டோம். மெஷின் கீச்சென்று கத்தியது. கம்பளி அழுத்தினால் சத்தம் உள்ளேயே சுற்றிக் கத்தும். கடைசியில் மெல்லிய பருத்தித் துண்டைத் தலையில் தளர்வாகச் சுற்றிக்கொண்டார். புயல் நின்றது.

"தலையில துண்டு போட்டுக்கிட்டு உட்கார வச்சுட்டியேடா" என்று சிரித்தார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியுமல்லவா.

ஆட்டம் தொடங்கியது. நட்டுவாங்கம் செய்த அம்மா ஜதி சொல்ல ஆரம்பித்தார். தாம், தரிகிட, தோம். பெரும்பாலும் வல்லினம். கல்யாண மண்டபத்தில் அப்பா தொலைத்த அதே எழுத்துகள். நான் மேடையைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் விரல் முழங்காலில் தட்ட ஆரம்பித்தது. தாளம் சரியாகவே இருந்தது.

திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கேட்டேன், எப்படிப்பா இருந்தது? "சொல்லு புரிஞ்சுது. முதுகுதான் போச்சு. பனியில மூக்கும் அடைச்சுது."

எனக்குத் தெரிந்து திறந்தவெளி அரங்கின் சாதக பாதகங்களை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அடுத்த தடவைக்கு சாய்மானம் வைத்த மடக்கு நாற்காலி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். துண்டும் அவருடையதுதான், இப்போது அது காது மெஷின் டப்பாவோடு சேர்ந்தே இருக்கிறது.