சார்புகளை இயங்குநேரத்தில் தேடுதல்

நிரலொன்று தொகுக்கப்படும் கணினியும் அது இயங்கப்போகும் கணினியும் ஒன்றாயிருத்தல் அரிது. பணிசெயல் முறைமையின் ஒவ்வொரு பதிப்பும் புதிய சார்புகளைச் சேர்க்கின்றது. பழைய பதிப்புகளில் அவை இல்லை. அத்தகைய சார்பொன்றை நிரல் எவ்வாறு அழைத்தல் வேண்டும் என்பதையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

விண்டோஸ் முறைமையில், கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லி செக்கன்களைக் கூறும் ‘கெற்ரிக்கவுண்ட்’ என்னும் சார்பு 32 பிட் எண்ணையே தருகின்றது. 49.7 நாட்களில் அது நிரம்பி மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். விஸ்டாவில் சேர்க்கப்பட்ட 64 பிட் சார்பு இக்குறையை நீக்கிற்று. ஆனால் 2001இல் வெளிவந்த எக்ஸ்பியில் அச்சார்பு இல்லை. அதனை நேரடியாக இணைத்துக்கொண்ட நிரல் எக்ஸ்பியில் தொடங்கவே மாட்டாது. நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவரும் ஏற்றி, தொடக்கத்திலேயே எல்லாப் பெயர்களையும் தேடி, ஒன்று குறையினும் மறுத்துவிடுகின்றது. ஒரு சிறு வசதியின் பொருட்டு முழு நிரலுமே பழைய கணினி உடையோருக்கு இல்லாமற் போகின்றது.

இதற்கு மாற்றுவழி, பெயரை நிரலே இயங்குநேரத்தில் தேடுவதாகும். விண்டோஸில் ‘கெற்புரொக்அட்றெஸ்’, யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ‘டிஎல்சிம்’ ஆகியன, பெயரைக் கொடுத்தால் சார்பின் முகவரியைத் தரும். சார்பு இல்லையேல் வெற்று முகவரியைத் தரும். முகவரி கிடைப்பின் புதிய சார்பையும், கிடைக்காவிடின் பழையதையும் நிரல் அழைக்கலாம். லினக்ஸிலும் மக்கிலும் பெயரை ‘வலுவற்ற குறியீடு’ என அறிவிக்கும் முறையும் உண்டு. அவ்வாறு அறிவித்தால், காணாத பெயருக்கு ஏற்றி பூச்சியத்தை இட்டு நிரலைத் தொடங்கவிடும்.

எனினும் மூன்று இடர்களை நாம் மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, தொகுக்கும் கணினியிற் செய்யும் சோதனையை நம்புதல். ‘குளொக்கெற்ரைம்’ என்னும் சார்பு 2016இல் மக் 10.12உடன் வந்தது. புதிய கருவிகளைக் கொண்டு தொகுக்கையில் அது உண்டெனக் கண்டு, சோதியாமலே அழைத்த நிரல்கள் 10.11இல் வெற்று முகவரிக்குத் தாவி வீழ்ந்தன. இரண்டாவது, தேடிப்பெற்ற முகவரி சார்பின் உள்ளீட்டு வகைகளைச் சொல்வதில்லை. நிரலர் அவற்றைப் பிழையாக எழுதின் தொகுப்பி கண்டுகொள்ளாது. மூன்றாவது, நிரலரின் புதிய கணினியில் மாற்றுப்பாதை ஒருபோதும் இயங்குவதில்லை. ஆதலின் தேடுதல் தோற்றதாகப் பாவனை செய்தேனும் அப்பாதையைச் சோதித்தல் இன்றியமையாதது.

சார்பு உண்டா என்னும் வினாவுக்குரிய விடை நிரல் இயங்கும் கணினியிலேயே உள்ளது. அங்கு கேட்டறியும் நிரலே பழைய கணினியை மட்டும் உடையவருக்கும் பயன்படும்.