இணைக்கப்பட்ட வழுப்பதிவுகளைத் தானாக மூடுதல்

இணைக்கப்பட்ட வழுப்பதிவுகளைத் தானாக மூடுதல் என்பது, வழு கண்காணிப்பு மென்பொருளில் ஒரு பதிவு மூடப்படும்போது, அதனுடன் இணைக்கப்பட்ட பிற பதிவுகளையும் ஸ்கிரிப்ட் எனப்படும் குறுநிரல் மூலமாகவோ, மென்பொருளில் அமைக்கப்பட்ட விதியின் மூலமாகவோ மூடும் முறை ஆகும். இத்தகைய பதிவுகள் டிக்கெட் என்றும் அழைக்கப்படுகின்றன.

பின்னணி

ஒரே வழுவைப் பல பயனர்கள் தனித்தனியே அறிவிப்பது வழக்கம். வழு திருத்தப்பட்ட பின்னரும் அப்பதிவுகளுள் சில திறந்தே இருந்தால், நிரலாளர்கள் முடிந்த வேலையை மீண்டும் ஆராய நேரிடும். அறிவித்த பயனருக்கும் தீர்வு கிடைத்த செய்தி சென்று சேராது. இவற்றைத் தவிர்க்கவே தானாக மூடும் முறை பயன்படுகிறது.

இணைப்பு வகைகள்

எப்பதிவை மூடலாம் என்பதை இணைப்பின் பொருளே தீர்மானிக்கிறது.

* நகல்: இரு பதிவுகளும் ஒரே வழுவைக் குறிக்கின்றன. மூலப்பதிவு தீர்ந்தால் நகலையும் மூடலாம்.
* தடை: ஒரு பணி முடியும் வரை மற்றொன்றை முடிக்க இயலாது. முதற்பணி முடிந்தால் தடை நீங்குமே அன்றி, அடுத்த பணி முடிந்துவிடாது. எனவே அதை மூடுதல் தவறு.
* துணைப்பணி: துணைப்பணிகள் அனைத்தும் முடிந்தால் தாய்ப்பணியை மூடலாம்.
* தொடர்புடையது: ஒப்புமையை மட்டும் காட்டுவது. தானாக மூடுவதற்கு ஏற்றதன்று.

மென்பொருள்களில் இவ்வசதி

1998 இல் வெளியான பக்சில்லாவில், ஒரு வழு நகல் எனக் குறிக்கப்பட்டவுடன் மூடப்படுகிறது. டெபியன் திட்டத்தின் வழு கண்காணிப்பு முறைமையில் ஒன்றிணைக்கப்பட்ட பதிவுகளுள் ஒன்றை மூடினால், அனைத்தும் மூடப்படும். 2006 இல் வெளியான ரெட்மைனில், மூலப்பதிவை மூடும்போது அதன் நகல்களையும் மூடும் வசதி உள்ளது. கிட்ஹப் தளத்தில் நிரல்மாற்றக் குறிப்பில் 'ஃபிக்சஸ்' போன்ற சொல்லுடன் பதிவெண்ணைத் தந்தால், அம்மாற்றம் முதன்மைக் கிளையில் சேரும்போது அப்பதிவு மூடப்படும். அட்லாசியன் நிறுவனத்தின் ஜிராவில் இதற்கான விதிகளைப் பயனரே அமைத்துக்கொள்ளலாம்.

குறுநிரல் இயங்கும் விதம்

1. பதிவு மூடப்பட்ட நிகழ்வை முறைமை குறுநிரலுக்கு அறிவிக்கிறது.
2. அப்பதிவின் இணைப்புகளுள் நகல் வகையைச் சார்ந்தவை மட்டும் தெரிவு செய்யப்படுகின்றன.
3. இணைப்பின் திசை சோதிக்கப்படுகிறது. 102 ஆம் பதிவு 101 இன் நகல் எனில், 101 மூடப்படும்போது 102 மூடப்பட வேண்டும். 102 மூடப்பட்டது என்பதற்காக 101 மூடப்படலாகாது.
4. முன்பே மூடப்பட்டவை விலக்கப்படுகின்றன.
5. எஞ்சியவை காரணக் குறிப்புடன் மூடப்படுகின்றன.

ஜிரா போன்ற முறைமைகளில் பதிவின் நிலையை நேரடியாக மாற்ற இயலாது. பணிப்போக்கு அனுமதிக்கும் நிலைமாற்றத்தின் வழியாகவே மாற்ற வேண்டும். கட்டாயப் புலம் ஒன்று நிரப்பப்படாவிடின் அந்நிலைமாற்றம் தோல்வியுறும்.

சிக்கல்கள்

குறுநிரல் மூடும் பதிவும் புதியதொரு 'மூடல்' நிகழ்வை எழுப்புகிறது. இரு பதிவுகள் ஒன்றையொன்று சுட்டினால் முடிவற்ற சுழற்சி தோன்றக்கூடும். நான்காம் படி இதைத் தடுக்கிறது.

இதனினும் பெரிய சிக்கல் தவறான இணைப்பு ஆகும். உள்நுழைய இயலவில்லை என இருவர் அறிவிக்கலாம். ஒருவருக்குக் கடவுச்சொல் சோதனையிலும், மற்றவருக்கு வலைப்பின்னலிலும் பிழை இருக்கலாம். அறிகுறியை மட்டும் கண்டு இவற்றை நகல் என இணைத்திருந்தால், முதற்பிழை திருத்தப்பட்டவுடன் இரண்டாமவரின் பதிவும் மூடப்படும். அவரது சிக்கல் தீராமலே திறந்த பதிவுகளின் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். திருத்தம் புதிய பதிப்பில் மட்டும் செய்யப்பட்டு, நகல் பழைய பதிப்பைப் பற்றியதாக இருப்பினும் இதே நிலை ஏற்படும்.

ஆகவே, எப்பதிவின் காரணமாக, எப்பதிப்பில் தீர்ந்ததாகக் கருதி மூடப்பட்டது என்பதைக் குறிப்பிடுவதும், அறிவித்தவருக்குச் செய்தி அனுப்புவதும், பதிவை மீண்டும் திறக்க அவருக்கு வழி வைப்பதும் இன்றியமையாதவை. குறுநிரல் இணைப்பைப் பின்பற்ற மட்டுமே வல்லது; அவ்விணைப்பு சரியானதா என்பதை மனிதரே சோதிக்க வேண்டும்.