பர்னாந்து: ஒரு பெயர் வந்த வழி

தூத்துக்குடியில் குரூஸ் பர்னாந்து என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். நகராட்சித் தலைவராக இருந்து, தண்ணீருக்குத் தவித்த ஊருக்கு வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவந்தவர். அவர் பெயரில் உள்ள ‘பர்னாந்து’ போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. ஆனால் அதன் பிறப்பு போர்ச்சுக்கீசிய மொழியில் இல்லை.

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு தளர்ந்தபோது, விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் இன்றைய ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிக்குள் புகுந்து அரசாண்டார்கள். 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த படையிடம் அவர்கள் ஆட்சி வீழ்ந்தது. அவர்களுடைய மொழி வழக்கொழிந்தது; ஆட்பெயர்கள் தங்கிவிட்டன. அப்படித் தங்கியவற்றில் ஒன்றுதான் பர்னாந்துவின் மூலமான பெர்னாண்டோ. பெயரின் பின்பாதிக்குத் துணிவு என்று பொருள். முன்பாதிக்குச் சிலர் அமைதி என்றும், சிலர் பயணம் என்றும் பொருள் சொல்கிறார்கள்.

பெயரை ஊரெங்கும் பரப்பியவர்கள் அரசர்கள். 1248இல் செவில் நகரைப் பிடித்த காஸ்டில் அரசர் மூன்றாம் பெர்னாண்டோவுக்கு 1671இல் புனிதர் பட்டமே கிடைத்தது. அரகான் அரசர் பெர்னாண்டோவின் பேரன் தாத்தாவின் பெயரோடு ஆஸ்திரியா போய் ஆட்சி செய்தார். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ‘பெர்டினாண்ட்’ பரவியது அவர் வழியாகத்தான்.

இதுவரை இது பிள்ளைக்கு இடும் பெயர்தான். குடும்பப் பெயர் ஆனது எப்படி? நாம் தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடுகிறோம் அல்லவா? போர்ச்சுக்கீசியர் பின்னால் சேர்த்தார்கள். போர்ச்சுக்கீசியத்தில் ‘எஸ்’ விகுதி ‘இன்னாருடைய மகன்’ என்று காட்டும். பெர்னாண்டோவின் மகன் ரோட்ரிகோ என்றால், அவர் ரோட்ரிகோ பெர்னாண்டஸ். அவருடைய மகன் பெட்ரோ என்றால், பெட்ரோ ரோட்ரிகஸ். தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த இந்தப் பின்பெயர் இடைக்காலத்தின் முடிவில் மெல்ல மெல்ல நிலைத்து, குடும்பப் பெயராயிற்று. ஸ்பெயினில் சொல்லின் முதலில் வந்த ‘ஃப’ ஒலி பல இடங்களில் தேய்ந்துபோனதால், அதே பெயர் ‘எர்னாண்டஸ்’ என்றும் வழங்குகிறது.

ஆகவே ஐரோப்பாவிலேயே ஒரு பெர்னாண்டஸுக்கும் இன்னொரு பெர்னாண்டஸுக்கும் உறவு இருக்கவேண்டும் என்பதில்லை. ஊருக்கு ஊர் பெர்னாண்டோக்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருடைய மகனும் பெர்னாண்டஸ்தான்.

நம் கரைக்கு இந்தப் பெயர் வந்தது 16ஆம் நூற்றாண்டில். முத்துக்குளிப்புத் துறைகளில் எழுந்த மோதலில் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள், 1535 முதல் 1537க்குள் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் புனித சவேரியார் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானத்தோடு போர்ச்சுக்கீசியப் பெயர்களும் வந்தன: மச்சாடோ என்றால் கோடரி, பெரைரா என்றால் பேரி மரம், சில்வா என்றால் காடு. இலங்கையின் மேற்குக் கரையிலும் இதே பெயர்கள் வேரூன்றின.

இங்கே ஒரு வேறுபாடு. போர்ச்சுகலில் குடும்பப் பெயராக வழங்குவது பெர்னாண்டஸ், ரோட்ரிகஸ். தூத்துக்குடியிலும் இலங்கையிலும் பெரும்பாலும் விகுதி இல்லாத பெர்னாண்டோவும் ரோட்ரிகோவும் குடும்பப் பெயர்கள். அங்கே பிள்ளைக்கு இடும் பெயர், இங்கே வீட்டுக்கே பெயராகிவிட்டது.

பர்னாந்து என்பதைத் தமிழர் வாயில் திரிந்த உச்சரிப்பு என்று நினைக்கவேண்டாம். போர்ச்சுக்கீசியர் இந்தப் பெயரில் ‘ட’ சொல்வதில்லை. நாக்கு பல்லைத் தொடும் ‘த’தான் சொல்கிறார்கள். போர்ச்சுகலில் கடைசி ஓகாரமும் உகரமாகவே ஒலிக்கிறது. ‘பெர்னாண்டோ’ என்று எழுத்தைப் பார்த்துப் படிப்பதைவிட, முத்துக்குளித்துறைக்காரர் சொல்லும் ‘பர்னாந்து’தான் லிஸ்பன்காரர் வாய்க்கு நெருக்கமானது.