ஜனங்களே நடத்தும் கம்பியில்லாச் செய்தி வலை

மண்ணின் ஈரம், கிணற்றின் நீர்மட்டம் முதலியவற்றை அளந்து, தொலைவிலுள்ள குடியானவரின் வீட்டிற்கு அறிவிக்கும் சிறு கருவிகள் இப்போது பல தேசங்களில் உபயோகத்தில் இருக்கின்றன. லோரா என்னும் முறையில் இயங்கும் இவற்றிற்கு மின்செலவு மிகச் சொற்பம். ஒரு பாட்டரி சில வருஷங்கள் தாங்கும். மறைப்பில்லாத வெளியில் செய்தி பத்து கிலோமீட்டர் வரையிலும் செல்லக்கூடும். படமோ பேச்சோ அனுப்ப இதில் வழியில்லை. சில எண்களே செல்லும். அவ்வெண்களை வாங்கி இண்டர்நெட்டில் சேர்ப்பிக்க உயரமான இடத்தில் ஒரு பெட்டி இருத்தல் வேண்டும். அதை யார் வைத்துப் பராமரிப்பது என்பதே கஷ்டமான விஷயம்.

இதற்குப் பரிகாரமாக, அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் 2019-ஆம் வருஷம் ஹீலியம் என்னும் ஏற்பாடு தொடங்கப்பெற்றது. கம்பெனி கோபுரம் கட்டுவதற்குப் பதிலாக, ஜனங்களே தத்தம் வீட்டு ஜன்னலிலோ கூரையிலோ பெட்டியை வைத்தார்கள். ஆரம்பத்தில் அதன் விலை 495 டாலர். ஒரு பெட்டி அவ்வப்போது விடும் சமிக்ஞையை அக்கம்பக்கத்துப் பெட்டிகள் கேட்டுச் சாட்சி சொல்லும். அச்சாட்சியம் பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டில் அப்போது பதியப்பட்டு வந்தது. கர்ணம் ஒருவர் வசம் மட்டும் இருக்கும் கணக்கைப் போலன்றி, இது பல கணிப்பொறிகளில் ஒரே பிரதியாக இருப்பதால் எவரும் தனியே திருத்த இயலாது. இப்பதிவின்படி பெட்டிக்காரருக்கு எச்.என்.டி. என்னும் மின்னாணயம் கூலியாகக் கிடைத்தது. 2022-இல் பெட்டிகள் ஒன்பது லட்சத்தைத் தாண்டின.

ஆயினும் கூலி எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 24 பைட் கொண்ட ஒரு செய்திக்கு வைக்கப்பட்ட கட்டணம் ஒரு டாலரில் லட்சத்தில் ஒரு பங்கு. அரை மணிக்கொரு முறை ஈரத்தை அறிவிக்கும் கருவி வருஷத்தில் 17,520 செய்திகள் அனுப்பும். அதற்கான கட்டணம் 18 சென்ட்டுக்கும் குறைவு. குடியானவருக்கு இது மிகவும் சகாயமே. பெட்டிக்காரருக்கோ, 495 டாலர் முதலை இவ்வழியில் மீட்பது கனவிலும் நடவாது. ஆகவே அவர் பெற்றதில் பெரும்பகுதி புதிதாக வெளியிடப்பட்ட நாணயமேயன்றி, உபயோகிப்போர் கொடுத்த பணம் அன்று. 2021 நவம்பரில் 50 டாலருக்கு மேல் விற்ற அந்நாணயம் 2022 முடிவில் 3 டாலருக்கும் கீழே இறங்கிற்று.

வயலைப் பொறுத்தமட்டில் வேறொரு குறையும் உண்டு. சாட்சி சொல்ல அண்டையில் வேறு பெட்டி வேண்டுமாதலால், பரந்த நிலத்தின் நடுவே தனித்து நிற்கும் பெட்டிக்குக் கூலி மிகச் சொற்பம். நகரத்திலோ பெட்டிகள் மலிந்தன. நெருக்கமான இடத்தில் கூலியைக் குறைக்கும் விதி பின்னர் சேர்க்கப்பட்டது. ஒரே அறையில் பல பெட்டிகளை வைத்துக்கொண்டு, வெவ்வேறு இடங்களில் இருப்பதாகப் பொய் பதிந்தவர்களும் இருந்தார்கள். எழுதியதைப் பிறகு மாற்ற முடியாதபடி பேரேடு காக்கும்; எழுதப்பட்டது மெய்தானா என்று அதற்குத் தெரியாது! 2023 ஏப்ரலில் கணக்கு முழுவதும் சொலானா என்னும் வேறொரு பேரேட்டிற்கு மாற்றப்பட்டது.

கூலியே இல்லாத வலைகளும் இருக்கின்றன. 2015-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் லோரா பெட்டிகளைத் தாமே நிறுவி ஆரம்பித்த "திங்ஸ் நெட்வொர்க்" அத்தகையது. தன் வயலுக்காகவே ஒருவர் பெட்டி வைத்து அயலாருக்கும் இடங்கொடுக்கும் இம்முறை, நாணயத்தின் விலை வீழ்ந்தாலும் நிற்பதில்லை. கிராமத்தில் நாலைந்து பேர் கூடிச் செய்வதற்கு இதுவே உசிதம்.

எந்த வலையானாலும், கருவிகளை மொத்தமாக வாங்குமுன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிலத்தின் நான்கு மூலைகளிலும் வைத்து, செய்தி வந்து சேருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கரும்பு, சோளம் போன்ற உயரப் பயிர்கள் வளர்ந்தபின் அலை தடைப்படுமாதலால் அப்போதும் ஒரு முறை பார்த்தல் நலம். வாங்கும் பெட்டியின் ஆன்டெனாவைத் தகரக் கொட்டகைக்குள் வைக்காமல் கூரைக்கு மேலே உயர்த்தி நிறுத்துக. அமெரிக்காவுக்கென 915 மெகாஹெர்ட்ஸில் செய்த கருவி இந்தியாவுக்கு ஏற்றதன்று; இங்கு இதற்கு உரிய அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது.