கேக் டின்னில் ஒழுக்கா? அடைக்கும் வழிகள் சில

டிசம்பர் மாதம் நெருங்கிவிட்டால் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் முந்திரியும் திராட்சையும் வாங்கும் வேலை தொடங்கிவிடும். கிறிஸ்துமஸ் கொண்டாடும் இல்லங்களில் மட்டுமன்று. குழந்தையின் பிறந்த நாளென்றாலும் கேக் வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. 1883-ஆம் ஆண்டில் தலைச்சேரியில் மாம்பள்ளி பாபு என்பார் முர்டாக் பிரௌன் என்னும் தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக் கொடுத்தார் என்று வரலாறு கூறுவர். அன்று துரைமார் வீட்டுப் பண்டமாயிருந்தது, இன்று நம் ஒற்றையறை வீடுகளிலும் வேகிறது. சில சகோதரிகளுக்கு அதுவே சிறு வருவாயும் தருகிறது.

இவ்வாறு சுடுவோர் பலர் இப்பொழுது இரண்டு துண்டுகளாலான டின்னை விரும்பி வாங்குகின்றனர். கொக்கி வைத்த வளையம் ஒன்று. தனி அடித்தட்டு ஒன்று. வெந்தபின் கொக்கியைத் திறந்தால் கேக் உடையாமல் வெளிவரும். ஆனால் அவ்விரண்டும் கூடும் இடத்தில் மாவு ஒழுகினால், வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் அடுப்பின் அடியில் கரியாகிப் போகின்றன. புகை வீடெங்கும் சூழ்கிறது. மாதச் சம்பளத்தில் எண்ணிச் செலவிடும் நமக்கு இது சிறிய இழப்பன்று.

ஒழுக்கு ஏன் நேர்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வெண்ணெய் ஏறத்தாழ 35 டிகிரி சூட்டிலேயே உருகிவிடும். முட்டையும் மாவும் இறுகுவதற்கோ 60 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே அடுப்பில் வைத்த பின் சிறிது நேரம் மாவு முன்னிலும் நீர்த்து நிற்கும். ஒழுக்கு பெரும்பாலும் அவ்வேளையில்தான். அதன்பின் வெந்த மாவே இடுக்கை அடைத்துக்கொள்ளும். அந்தச் சிறு பொழுதைக் கடத்திவிட்டால் நாம் வென்றோம்.

எம் இரயில்வேயில் பெட்டிக்குப் பெட்டி செல்லும் காற்றுக் குழாய்களை இணைக்குமிடத்தில் ரப்பர் வளையம் வைத்தே பூட்டுவர். இரும்பும் இரும்பும் எவ்வளவு நெருங்கினாலும் இடையில் இழையளவு வழி இருக்கும் என்பதே காரணம். கேக் டின்னுக்கும் இடையில் ஒரு பொருள் வேண்டும். அது ரப்பரன்று, தாளே போதும்.

முதலில் டின்னைச் சோதியுங்கள். வளையத்தின் உட்பள்ளத்தில் பழைய மாவுத் துணுக்குகள் காய்ந்து ஒட்டியிருந்தால் அடித்தட்டு சரியாக அமராது, நன்கு துலக்குங்கள். தட்டைச் சமதளத்தில் வைத்து, ஆடுகிறதா எனப் பாருங்கள். பின் பூட்டி, ஒரு விரலளவு நீர் ஊற்றி, உலர்ந்த துணியின்மேல் வையுங்கள். இரண்டொரு சொட்டுக் கசிந்தால் அஞ்ச வேண்டா. நீரைவிடக் கேக் மாவு கெட்டியானது. தாரையாக ஓடினால், தட்டு நெளிந்தது அல்லது கொக்கி தளர்ந்தது என்பது உறுதி. அத்தகைய டின்னில் நீர்த்த மாவை ஊற்றவே கூடாது.

அடுத்தது தாள். பட்டர் பேப்பர் எனப்படும் வெண்ணெய்த் தாளை அடித்தட்டைவிடப் பெரிதாக வெட்டி, தட்டின்மேல் விரித்து, அதன்மேல் வளையத்தை வைத்துப் பூட்டுங்கள். தாள் இடுக்கில் சிக்கி இறுகும். வெளியே நீட்டி நிற்பதைக் கத்தரித்துவிடலாம். கொக்கியில்லாமல் தட்டு மட்டும் கழலும் டின்னாயின், வட்டத்தைச் சுற்றிலும் இரண்டு விரற்கடை கூடுதலாக வெட்டி, ஓரத்தில் சிறு கீறல்கள் இட்டு, சுவரோடு மடித்து ஒட்டுங்கள். பிறகு மூலையைச் சுற்றிக் கெட்டி வெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இன்னும் நன்று.

வெளிப்புறத்தில் அகன்ற அலுமினியத் தாளை இரண்டு சுற்றாக அடியிலிருந்து மேலே தூக்கிப் போர்த்தலாம். வெந்நீர்த் தட்டில் வைத்துச் சுடும் சீஸ் கேக்குக்கு இது இன்றியமையாதது; அங்கே மாவு வெளியேறுவதோடு நீர் உட்புகும் அபாயமும் உண்டு. தாள் இல்லாதபோது கோதுமை மாவைப் பிசைந்து இணைப்பின் வெளியே ஒட்டலாம். பிரியாணிச் சட்டியின் மூடியைச் சுற்றி மாவு ஒட்டித் தம் போடுவதை நாம் அறிவோமன்றோ? அதே முறைதான்.

சில எச்சரிக்கைகள். ஒட்டும் நாடாவையோ குழாய் அடைக்கும் பசையையோ ஒருபோதும் பயன்படுத்தலாகாது. அவை உணவுக்கும் அடுப்பின் சூட்டுக்கும் ஏற்றவையல்ல. சிந்துவதை ஏந்த ஒரு தட்டைக் கீழ்த்தட்டில் சற்று இறக்கி வையுங்கள். டின்னோடு ஒட்டி வைத்தால் அடியிலிருந்து வரும் சூடு தடைப்பட்டு நடுவில் வேகாது. கனத்த பாத்திரத்தில் உப்புப் பரப்பி அதன்மேல் சுடுவோர், ஒழுகிய மாவு உப்பில் கருகுமாதலால் அலுமினியத் தாளைத் தவறாது சுற்றுக.

இறுதியாக ஒன்று. கேரமல் கஸ்டர்ட் போன்ற நீர்த்த கலவைக்கு இரண்டு துண்டு டின் உகந்ததன்று; ஒரே தகட்டால் ஆன பழைய வட்டப் பாத்திரமே ஏற்றது. கெட்டியான பிளம் கேக்குக்கோ மேற்கூறிய தாள் ஒன்றே பெரும்பாலும் போதுமானது. எந்த மாவுக்கு எந்தப் பாத்திரம் என்று தெரிந்து எடுப்பதே பாதி வேலை. சகோதரிகள் இம்முறைகளை முதலில் சிறு அளவில் செய்து பார்த்து, பின்னர்ப் பெரிய கேக்கில் கை வைப்பார்களாக.